மூடி திறந்தால் பறந்துவிடும்

ஆடி மாதம் மும்பைத் தாராவியில் தோல் சரக்கு வைத்திருப்பவனுக்கு மழையைவிட, மழை வெறித்த மறுநாள்தான் பயம். கார்கானா ஷட்டரைத் தூக்கியதும் ஈரச் சாக்கு வாடை ஒன்று முகத்தில் அடிக்கும். அது வந்துவிட்டால் பையை எடுத்துப் பார்க்க வேண்டியதே இல்லை. மடிப்புக்குள்ளே, தையல் ஓரத்தில், ஜிப்புக்குக் கீழே வெள்ளையாகவோ சாம்பல் பச்சையாகவோ பூசணம் படர்ந்திருக்கும். துடைத்தால் போய்விடும். நாலு நாளில் அதே இடத்தில் திரும்ப வரும்.

நான் இந்தத் தெருக்களில் தைலம் விற்கிறவன். எலுமிச்சைப் புல் தைலம், கிராம்புத் தைலம், நீலகிரித் தைலம், சிட்ரொனெல்லா, வெட்டிவேர், தேவதாரு. தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் அல்ல. என்னிடம் வாங்குகிறவர்கள் பை தைப்பவர்கள், பட்டுப்புடவை வைத்திருப்பவர்கள், மிருதங்கம் வாசிப்பவர்கள். பூசணமும் பூச்சியும்தான் எனக்குச் சோறு போடுகின்றன.

தாராவிக்குத் தோல் நேற்று வந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் இங்கே வந்து தோல் பதனிடும் தொட்டிகள் போட்டார்கள். அந்தத் தொட்டிகளில் இறங்கி வேலை செய்ய ஊரிலிருந்து ஆள் வந்தது. என் தாத்தா அப்படி வந்தவர். 1971இல் பாந்திராவிலிருந்த அறுப்புக்கூடம் தேவ்னாருக்குப் போனது. பிறகு தொட்டிகளும் ஒவ்வொன்றாகப் போயின. மிஞ்சியவை பை, பெல்ட், பர்ஸ், ஜாக்கெட் தைக்கும் கார்கானாக்கள். தோல் இப்போது சென்னை, கான்பூர், கொல்கத்தாவிலிருந்து பதப்பட்டு வருகிறது. இங்கே வெட்டி, தைத்து, சயான்–பாந்திரா லிங்க் ரோட்டு ஷோரூம்களில் தொங்கவிடுகிறார்கள்.

பதப்பட்ட தோல் ஏன் பூக்கிறது? பதனிட்ட தோல் விறைத்துப்போகாமல் மெத்தென்று இருக்க அதற்குக் கொழுப்பு ஊட்டுவார்கள். அந்தக் கொழுப்புதான் பூசணத்துக்கு விருந்து. குரோம் போட்ட தோலைவிட, பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் இன்னும் சீக்கிரம் பூக்கும். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினால் வித்து முளைக்கத் தொடங்கும். ஜூலையில் தாராவியின் ஒரு மாடிக் கார்கானாவில் என் சின்ன ஈரமானியை வைத்தால் 85க்குக் கீழே இறங்கியதே இல்லை. அதாவது மழைக்காலம் முழுக்கப் பூசணத்துக்குச் சாதகமான காலம். வித்துகளோ காற்றிலேயே இருக்கின்றன. ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் என்று படித்தவர்கள் பேர் சொல்லும் அதே ஆட்கள்தான் நம் வீட்டு ஊறுகாய் ஜாடியிலும் உட்காருகிறார்கள்.

அப்பா காலத்தில் இதற்கு வழி சுலபமாக இருந்தது. பி.சி.பி. என்று ஒரு மருந்து, முழுப்பெயர் பென்டாகுளோரோஃபீனால். தோலுக்கும் மரத்துக்கும் உலகமே அதைத்தான் போட்டது. அது போட்ட தோலில் எதுவும் முளைக்காது. அதைக் கலக்கியவர்களின் கைத்தோல் உரிந்ததை நானே பார்த்திருக்கிறேன். 1989 கடைசியில் ஜெர்மனி அதைத் தடை செய்தது. ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் உள்ளே விடமாட்டோம் என்றது. ஜெர்மனியை நம்பியிருந்த தமிழ்நாட்டுத் தோல் பட்டறைகள் ஆடிப்போயின. அடையாற்றில் 1948 முதல் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாற்று மருந்துகளைச் சொல்லிக்கொடுத்தது; இந்தியாவும் பி.சி.பி.யைக் கைவிட்டது. இப்போது பட்டறைகளில் வேறு மருந்து போடுகிறார்கள். ஆனால் அது தொட்டியிலிருந்து வரும்போது இருக்கிற வீரியம், சாயம் ஏற்றி, தேய்த்து, பாலிஷ் அடித்து, ஒரு வருஷம் ஸ்டாக்கில் கிடந்து பையாகும்போது இருப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் என் வியாபாரம் நுழைந்தது.

நடுவில் இன்னொரு கூத்து. பெட்டிக்குள் ஒரு சின்னப் பொட்டலம் போட்டால் போதும், ஒரு வருஷம் பூக்காது என்று ஒருவர் சாம்பிள் கொண்டுவந்தார். உள்ளே வெள்ளைப் பொடி. டைமெத்தில் ஃப்யூமரேட். அதுவும் ஆவியாகி வேலை செய்வதுதான்; பையைச் சுற்றிலும் பரவி நிற்கும். ஐரோப்பாவில் அந்தப் பொட்டலம் வைத்த சோபாக்களில் உட்கார்ந்தவர்களுக்கு முதுகும் தொடையும் வெந்ததுபோல் ஆனது. 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடுத்தது. அதற்குப் பிறகு வெளிநாட்டு ஆர்டர் எடுக்கும் கார்கானாக்காரர்கள் எந்தப் பொட்டலத்தைக் கண்டாலும் முதலில் “இதுல என்ன இருக்கு?” என்று கேட்கத் தொடங்கினார்கள். தைலம் விற்கிறவனுக்கு அது நல்ல கேள்வி.

சரக்கு வாங்குவது மஸ்ஜித் பந்தரில். அங்கே சந்துக்குச் சந்து மூக்கு மாறும். கடைக்காரர் அலுமினிய டின்னைத் திறந்து, கம்பியை முக்கி, காகிதத்தில் தொட்டுக் கொடுத்து, ‘அஸ்லி ஹை’ என்பார். எல்லோருக்கும் எல்லாமே அஸ்லிதான். முகர்ந்து வாங்குகிறவன் ஏமாறுவான், ஏனென்றால் முதல் வாசனையை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். நான் பார்ப்பது கடைசி வாசனையை. பிளாட்டிங் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு, இரவு ஆணியில் தொங்கவிட்டு, காலையில் பார்ப்பேன். நல்ல எலுமிச்சைப் புல் தைலம் என்றால் காகிதத்தில் கறை ஏறக்குறைய இருக்காது. எண்ணெய் வளையம் இருந்தால் சமையல் எண்ணெயோ பாரஃபினோ கலந்திருக்கிறது. மண்ணெண்ணெய் கலந்திருந்தால் நடு இரவில் வாசனை மாறும்; எழுந்து முகர்ந்தால் தெரியும். எழுபது சதவீத ஆல்கஹாலில் கரைத்தும் பார்க்கலாம். கொச்சிச் சரக்கு தெளிவாகக் கரையும், மேற்கிந்தியத் தீவுகளின் வகை பால்போல் கலங்கும்.

கொச்சிச் சரக்கு என்று வியாபாரத்தில் சொல்வது மலையாளிகளின் இஞ்சிப்புல்லை. பெரும்பாவூர் பக்கம் ஓடக்காலியில் 1951இலிருந்தே அந்தப் புல்லுக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆயிரம் கிலோ பச்சைப் புல்லை ஆவியில் வடித்தால் நாலைந்து கிலோ தைலம் தேறும். அதில் முக்கால் பாகத்துக்கு மேல் சிட்ரால் என்ற பொருள். எலுமிச்சை வாசனைக்கும் அதுவே காரணம், பூசணத்தின் செல் சுவரிலும் சவ்விலும் ஓட்டை போடுவதும் அதுவே. கிராம்பில் அந்த வேலையைச் செய்வது யூஜினால். பல் டாக்டர் வைக்கிறாரே, அந்த நெடி. மொட்டுத் தைலம் விலை கட்டாது. இலைத் தைலத்தில் யூஜினால் எண்பது சதவீதம் இருக்கும். பூசணத்துக்கு மொட்டு என்ன, இலை என்ன?

ஊட்டியில் தைலமர இலையை வடிக்கும் அடுப்புகளை ஒருமுறை சுற்றிவந்தேன். விறகைத் திணித்து, இலையைக் கொப்பரையில் மிதித்து அமுக்கி, ஆவியைக் குழாயில் குளிரவைத்து, கீழே பாத்திரத்தில் தண்ணீரின்மேல் மிதக்கும் தைலத்தை அகப்பையால் எடுப்பார்கள். வாசனை ஜோராக இருக்கும். ஆனால் தோல் பூசணத்துக்கு நீலகிரித் தைலம் சோதாதான். சினியோல் சீக்கிரம் பறந்துவிடும், இருக்கும்வரையும் பெரிய அடி அடிக்காது. வாசனைக்கும் வீரியத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதை இந்த ஒரு தைலம் வைத்தே வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிவிடுவேன்.

ஆரம்பத்தில் எல்லோரும் கேட்டது தோல்மேல் தடவுவதற்கு. கிராம்புத் தைலத்தைத் தோல்மேல் தடவினால் என்ன ஆகும் என்று காட்ட ஒரு துண்டுத் தோல் எப்போதும் பையில் வைத்திருப்பேன். பாய் ஒருவரின் கார்கானாவில் அதைச் செய்து காட்டினேன். கறுப்பு பாலிஷ் போட்ட கன்றுத் தோல். பஞ்சில் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்ததும் பஞ்சு கறுத்தது, தோலில் பளபளப்பு செத்து ஒரு வட்டம் விழுந்தது.

“ஏல, மருந்தா இது? பாலிஷே உரியுதேல!”

“தொடக்கூடாது பாய். பக்கத்துல இருந்தா போதும்.”

பக்கத்தில் இருந்தால் போதும் என்பதுதான் என் தொழிலின் முழு ரகசியம். இந்தத் தைலங்கள் பறக்கிறவை. பறக்கிற அந்த ஆவிதான் வேலை செய்கிறது. ஆகவே அது தப்பிப் போகாத இடம் வேண்டும்: மூடிய பெட்டி, ஜிப் போட்ட பை, பீரோ. தடித்த பிளாட்டிங் அட்டையை விரல் நீளத்துக்கு வெட்டி, எலுமிச்சைப் புல்லும் கிராம்பும் கலந்து ஊறவைத்து, துளையிட்ட காகித உறையில் போட்டு, பையின் உட்பையில் படாமல் தொங்கவிடுவோம். ஒரு அட்டைப்பெட்டிச் சரக்குக்கு இரண்டு மில்லி என்பது கணக்கு. கூடவே கொஞ்சம் தேவதாருத் தைலம் சேர்த்தால் மற்ற இரண்டும் மெதுவாகப் போகும். தைலத்தை அலுமினிய டப்பாவிலோ பழுப்புக் கண்ணாடியிலோதான் வைக்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில் இளகிப்போகும், தெர்மாகோல் உருகியே விடும், இரும்பு டின்னில் வைத்தால் கிராம்புத் தைலம் மை நிறத்துக்குக் கறுக்கும்.

இதிலும் ஒன்றைச் சொல்லாமல் விற்க மாட்டேன். ஆவி வித்தைக் கொல்வதில்லை, முளைக்க விடாமல் பிடித்து வைக்கிறது. ஆவி தீர்ந்த அன்று பூசணம் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். அதனால் தைலத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை சில உண்டு. ஏற்கெனவே பூத்த பையை ஐ.பி.ஏ. என்ற ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். பை உப்பலாக நிற்கப் பழைய செய்தித்தாளைத் திணிக்கிறார்கள். அதுவே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். துளையில்லாத பாலித்தீன் உறையில் ஈரத் தோலைப் போட்டு ஒட்டுவது, பூசணத்தை நாமே பாய் போட்டு உட்காரவைப்பதுதான். அட்டைப்பெட்டியும் ஜூலையில் ஈரம். முன்பெல்லாம் அலமாரிக்குள் ஒரு நூறு வாட் குண்டு பல்பு எரியும். அந்தச் சூடே பாதி வைத்தியம். எல்.இ.டி. வந்தது, கரண்டு பில் குறைந்தது, அலமாரி பூத்தது.

கொசுவுக்கு விற்பதில் எனக்கு இஷ்டம் இல்லை. சிட்ரொனெல்லா விரட்டாது என்று சொல்லவில்லை. நம் உடம்பிலிருந்து வரும் வாசனையை வைத்துத்தான் கொசு வழி கண்டுபிடிக்கிறது. சிட்ரொனெல்லா அந்த மூக்கைக் குழப்புகிறது. இலங்கையின் தென்கோடியில் விளைந்த புல் தைலம் இதற்காகவே கப்பல் கப்பலாகப் போயிருக்கிறது. ஆனால் கையில் தடவிய சிட்ரொனெல்லா ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரம். பிறகு திரும்பத் தடவ வேண்டும். அமெரிக்க விவசாயத் துறை 1944இல் ராணுவத்துக்காக டீட் என்ற ரசாயனத்தைத் தேடிக் கண்டுபிடித்ததே இந்த அவஸ்தையால்தான். செடியிலிருந்து கிடைப்பவற்றில் அதற்கு ஓரளவு ஈடு கொடுப்பது ஒன்று உண்டு: எலுமிச்சை வாசம் அடிக்கும் தைலமர இலையின் தைலத்தை மேலும் பக்குவப்படுத்திக் கிடைக்கும் பி.எம்.டி. கடைத் தைலத்தை அப்படியே தடவினால் அந்தப் பலன் வராது.

தாராவியில் கழிவுநீர்ச் சாக்கடை ஓரம் குடியிருப்பவரிடம் முப்பது மில்லி பாட்டிலைக் கொடுத்து, கொசு போகும் என்று சொல்ல நாக்கு வராது. மலேரியாக் கொசு மும்பையில் மேல்தொட்டித் தண்ணீரில் முட்டை போடுகிறது. டெங்குக் கொசு பகலில் கடிக்கிறது. தொட்டிக்கு இறுக்கமான மூடி போட ஆகும் செலவு என் ஒரு பாட்டிலைவிடக் குறைவு. அதோடு, பூச்சியைக் கொல்லும், விரட்டும் என்று லேபிளில் அச்சடிக்கப் போனால் 1968ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தையும் பதிவையும் யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் கிராம்பு, சிட்ரொனெல்லா, எலுமிச்சைப் புல், தேவதாரு வகைத் தைலங்களுக்கு 1996 முதல் பதிவு விலக்கு இருக்கிறது. நமக்கு அப்படி இல்லை. என் பாட்டிலில் தைலத்தின் பெயர், எடை, தேதி, ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ அவ்வளவுதான். கடைசி வரி சும்மா சம்பிரதாயம் இல்லை. நீலகிரித் தைலமோ கற்பூரமோ ஒரு வாய் உள்ளே போனால் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம். இவற்றைச் செரித்து வெளியேற்றும் சக்தி அதன் ஈரலுக்குக் குறைவு. இயற்கை என்று எழுதிவிட்டால் தீங்கில்லை என்று நினைக்கும் ஆட்களோடு எனக்குத் தீராத சண்டை.

அந்தச் சண்டை அதிகம் நடப்பது மாட்டுங்காவில். கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துப் பழைய பிளாட்டுகளில் பீரோவைத் திறந்தாலே காஞ்சிபுரம்தான். மாமி ஒருவர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்.

“அந்துருண்டை வாசனை போகவே மாட்டேங்கறதுப்பா. கட்டிண்டு கல்யாணத்துக்குப் போனா, பக்கத்துல உக்காந்தவா தும்மறா.”

“பட்டு பக்கத்துல போடாதீங்க மாமி. ஜரிகைக்கு ஆகாதுன்னு புடவைக் கடைக்காரங்களே சொல்வாங்களே.”

“அப்போ உன் தைலத்தை நாலு சொட்டு மடிப்புல விட்டுடட்டுமா?”

விடவே கூடாது. பட்டில் தைலம் பட்டால் வட்டம் விழும், அது போகாது. மாமியின் அம்மா காலத்தில் பீரோவில் வசம்புத் துண்டு இருந்திருக்கிறது. பேர் சொல்லாதது என்று ராத்திரியில் அதன் பெயரைச் சொல்ல மாட்டார்களாம். மாமி அதைப் பழங்கதை என்று ஒதுக்கியிருந்தார். எனக்கு அதில்தான் மரியாதை. வசம்புத் தைலத்தின் பீட்டா அசரோன் பூச்சிகளை மலடாக்கும் அளவுக்குக் காரமானது. நம் நாட்டு வசம்பில் அது மிக அதிகம், வட அமெரிக்க வகையில் கிடையாது. அதே பொருள் எலிகளில் புற்று உண்டாக்கியதால் அமெரிக்கா 1968இல் வசம்பை உணவிலிருந்து விலக்கியது. பீரோவுக்கு நல்லது, பிள்ளைக்கு உரைத்துக் கொடுப்பதை யோசிக்க வேண்டும் என்றேன். “எங்காத்துல எல்லாரும் அதைச் சாப்ட்டுதான் வளந்தோம்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வாங்கிக்கொண்டது வசம்புத் துண்டுகளோடு வெட்டிவேர்த் தைலம் தொட்ட தேவதாருச் சிம்புகள் தைத்த துணிப்பை. கஞ்சி போட்ட பருத்திப் புடவைகளைத் தனி அலமாரிக்கு மாற்றச் சொன்னேன். ராமபாணப் பூச்சி வருவது பட்டுக்காக இல்லை, கஞ்சிக்காக.

செம்பூரில் வேறு மாதிரி. ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி அங்கே இருப்பதால் பாட்டும் மிருதங்கமும் சொல்லிக்கொடுக்கும் வீடுகள் நிறைய. மிருதங்க வாத்தியார் ஒருவர் உறையிலிருந்து வாத்தியத்தை எடுத்துக் காட்டினார். வலந்தலை சுத்தமாக இருந்தது. தொப்பி எனும் இடப்பக்கத்தில் மட்டும் நடுவில் பச்சைப் பூசணம், ரூபாய் நாணய அளவுக்கு, ஓரத்தில் கோடு போட்டதுபோல் நின்றிருந்தது.

“தோல் கெட்டுடுத்தோ?”

“தோல் கெடல சார். ரவையைத் துடைச்சு எடுத்தீங்களா?”

பையன்கள் வாசித்துவிட்டு, வாசிப்பதற்காகத் தொப்பியில் ஒட்டிய ரவை மாவை நகத்தால் சுரண்டிவிட்டு உறை போட்டிருக்கிறார்கள். மிஞ்சிய மாவில்தான் பூத்திருந்தது. ஈரத்துணி, உலர்ந்த துணி, பிறகு ஒரு நாள் மின்விசிறி. தைலத்தைத் தோலில் தொட்டால் சுருதி போகும் என்பது அவருக்கே தெரியும். உறையின் அடியில், தோலிலிருந்து தள்ளி, கிராம்புத் தைலம் தொட்ட பஞ்சை ஒரு டப்பாவில் ஓட்டை போட்டு வைத்துக் கொடுத்தேன். அதே வீட்டு மாடியில் செம்பருத்திச் செடியில் மாவுப்பூச்சி. கிராம்பை அடிக்கலாமா என்று கேட்டார். வேண்டாம், இலை கருகிவிடும், களைக்கொல்லியாகவே அதைப் பயன்படுத்துகிறார்கள், வேப்பெண்ணெயும் காதி சோப்பும் கலந்து சாயங்காலம் அடியுங்கள் என்றேன். அதில் எனக்கு வியாபாரம் இல்லை.

2025இல் மும்பைக்கு மழை மே 26ஆம் தேதியே வந்துவிட்டது. வழக்கம் ஜூன் 11. அவ்வளவு சீக்கிரம் எந்த வருஷமும் வந்ததில்லை என்று வானிலைக்காரர்கள் சொன்னார்கள். கார்கானாக்களில் ஸ்டாக் எல்லாம் சும்மா அலமாரியில் கிடந்தது. அட்டை போடவில்லை, பாலித்தீன் பிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க போன் அடித்துக்கொண்டே இருந்தது. இப்போது ஏப்ரல் பிறந்ததும் சரக்கு எடுத்து வைத்துக்கொள்கிறேன். லிங்க் ரோட்டில் இரண்டு பேரிடம் மட்டும் மல்லுக்கட்டி, ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்க வைத்தேன். அவர்கள் என்னிடம் வாங்கும் தைலம் பாதியாகக் குறைந்துவிட்டது. அந்தப் பாதிக்கு முன்பணமே தந்துவிடுகிறார்கள்.